மூணு கட்டை வாள்

ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் ஏந்தும் ஒளிவாளின் (பொத்தானை அழுத்தினால் பிடியிலிருந்து ஒளியே வாளாக நீளும்) பிடியை ஒன்றுக்கு ஒன்று அளவில் ஏ3 தாளில் வரைந்து முடித்திருக்கிறேன். முன்தோற்றம், மேல்தோற்றம், இரண்டு முனைகளின் தோற்றம், நீளவாக்கில் நடுவே அறுத்துப் பார்த்தால் தெரியும் தோற்றம், மூடிக்குத் தனியாக ஒரு படம். பென்சிலில் போட்டு, சரிபார்த்து, பிறகு மை ஏற்றியது. ஆபீஸில் நாள் முழுக்க ஆட்டோகேடில் வீட்டு பிளான் வரைகிறவன் நான். இதை மட்டும் கையால்தான் வரைய வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன். திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் பொருள் இவ்வளவுதான் பெரிது என்பது கைக்குத் தெரிய வேண்டுமென்றால் தாளும் ஸ்கேலும் வேண்டும்.

கேட்டது என் அக்கா மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். "மாமா, இதுக்கு ஒரு டிராயிங் போட்டுத் தாருங்களேன், லேத்துல கொடுத்துச் செய்யலாம்" என்றான். அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது நாகர்கோவிலில் வீடியோ கேசட் வாடகைக்குக் கிடைத்த காலத்தில். கதை பாதி புரியவில்லை. அந்தப் பிடி மட்டும் மனதில் நின்றது. ஒரு பொத்தான், பளபளக்கும் குழாய், அடியில் கறுப்புப் பட்டைகள். யாரோ நிஜமாகவே எங்கோ பயன்படுத்திய பொருள் மாதிரி இருந்தது.

அது நிஜமாகவே பயன்பட்ட பொருள்தான் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1977-இல் வந்த அந்தப் படத்துக்கு அரங்கப் பொருட்களைப் பார்த்துக்கொண்டவர் ரோஜர் கிறிஸ்டியன். கையில் பணம் குறைவு. புதிதாக எல்லாவற்றையும் செய்யாமல், பழைய விமானங்களின் உதிரிகளை வாங்கிப் பிரித்து விண்கலத்தின் உட்புறத்தை நிரப்பினார். ஒளிவாளுக்கு என்ன செய்வது என்று தேடியபோது, லண்டன் கிரேட் மார்ல்பரோ தெருவில் ஒரு கேமராக் கடையில் தூசி படிந்த பெட்டிக்குள் கிடைத்தது கிராஃப்ளெக்ஸ் கம்பெனியின் ஃபிளாஷ் கைப்பிடி. 1940-களில் அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த பெரிய கேமராவின் பக்கவாட்டில் நிற்குமே, தட்டு மாதிரி ஒரு பிரதிபலிப்பானும் ஒரு முறை எரிந்ததும் கழற்றி எறியும் பல்புமாக, அதன் கீழ்ப்பகுதி. அதன் அடியில் ஆங்கில T எழுத்து வடிவப் பட்டைகளை ஒட்டினார். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப்புக்குள் ஒரு பழைய கால்குலேட்டரிலிருந்து எடுத்த சின்னச் சின்ன லென்ஸ் வரிசையைச் செருகினார். இடுப்பில் மாட்ட ஒரு டி வளையம், ஆங்கில D எழுத்து வடிவில். வாள் தயார். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கு 1978-இல் ஆஸ்கர் கிடைத்தபோது பரிசு பெற்ற நால்வரில் அவரும் ஒருவர்.

பழைய இரும்புக் கடையில் மணிக்கணக்காக நிற்கும் பழக்கம் எனக்கும் உண்டு. ஒரு பொருளைப் பார்த்து, அதன் வேலையை மறந்து, உருவத்தை மட்டும் பார்க்கத் தெரிந்த கண் எல்லோருக்கும் வாய்க்காது. ரோஜர் கிறிஸ்டியனுக்கு வாய்த்திருந்தது. அதற்காகவே அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது வரைபடத்துக்கு வருகிறேன். நிஜ கிராஃப்ளெக்ஸ் என்னிடம் இல்லை. இந்தப் படத்தின் ரசிகர்கள் தேடித் தேடி வாங்கியதால் அதன் விலை எங்கோ போய்விட்டது. கையில் இருந்தவை படத்திலிருந்து எடுத்த காட்சிகளும், கைப்பிடியின் பழைய புகைப்படங்களும்தான். புகைப்படத்தை வைத்து வரையும்போது விகிதம் கிடைக்கும், அளவு கிடைக்காது. குழாயின் விட்டம் ஒன்று என்றால் நீளம் ஏழுக்குச் சற்று மேல் என்று படம் சொல்லும். அந்த ஒன்று எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லாது. சந்தேகமில்லாத ஒரே ஒரு அளவு கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வந்து உட்காரும்.

எனக்கு அந்த அளவைத் தந்தவர் அப்பா.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்பே போக வேண்டும். வெயில் ஏறாத குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். இப்போது தலையில் மாட்டும் லைட் வந்துவிட்டது. அப்பா காலத்தில் கையில் டார்ச். வீட்டு மேஜையில் நான் பரப்பி வைத்திருந்த படங்களைக் குனிந்து பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "மக்களே, இது நம்ம மூணு கட்டை லைட்டுல்லா?"

அதேதான். லூக் பிடியின் மூலமான அந்த ஃபிளாஷ் கைப்பிடி மூன்று செல் போடுவது. செல் என்றால் இன்றும் கடையில் கிடைக்கும் பெரிய டார்ச் பேட்டரி, எங்கள் பேச்சில் கட்டை. அந்த பேட்டரியின் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான்: நீளம் 61.5 மி.மீ, விட்டம் அதிகபட்சம் 34.2 மி.மீ. மூன்றை வரிசையாக வைத்தால் 184.5 மி.மீ. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் செய்த குழாயாக இருந்தாலும், குலசேகரத்தில் அப்பா தூக்கிய டார்ச்சாக இருந்தாலும் இந்த மூன்று கட்டைகள் உள்ளே போயாக வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை பக்கம். பழைய ஆசாரிமார் ஒரு முழக்கோலை வைத்துக்கொண்டு முழு வீட்டையும் எழுப்புவார்கள். எனக்கு அந்த மூன்று பேட்டரிகள்தான் முழக்கோல்.

உள்ளே 34.2 போக வேண்டும். கொஞ்சம் இளக்கம் வேண்டும். இரண்டு பக்கமும் குழாயின் சுவர் வேண்டும். அப்படியானால் வெளிவிட்டம் 37-க்கும் 39-க்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். இஞ்சில் வேலை செய்த அமெரிக்கக் கம்பெனி முழு எண்ணையோ அரையையோதான் எடுத்திருக்கும். ஒன்றரை இஞ்ச், 38.1 மி.மீ. இந்த எண் வந்ததும் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. நான் தினமும் வீட்டு பிளானில் எழுதும் எண் அது. நம் ஊரில் இப்போது கட்டும் மாடிப்படிகளுக்குப் போடும் ஸ்டீல் கைப்பிடிக் குழாய்களில் அதிகம் ஓடும் அளவு ஒன்றரை இஞ்ச்தான். அழகியமண்டபத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கடையில் மிச்சத் துண்டு கிடந்தது. சுவர் 1.2 மி.மீ. உள்விட்டம் 35.7. பையில் கொண்டுபோன பேட்டரியைப் போட்டுப் பார்த்தேன். சரசரவென்று கீழே இறங்கியது.

யாராவது செய்ய நினைத்தால் இதை மட்டும் கவனிக்க வேண்டும். கடையில் போய் 'ஒன்றரை இஞ்ச் பைப்' என்று கேட்டால் தண்ணீர்க் குழாயை எடுத்துத் தருவார்கள். அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. தண்ணீர்க் குழாயில் இஞ்ச் என்பது வெளியளவைச் சொல்லும் எண்ணே கிடையாது, வெறும் பெயர். கைப்பிடிக்கான ஸ்டீல் ட்யூபை வெளிவிட்டத்தில்தான் விற்பார்கள். ட்யூப் என்று கேளுங்கள், விட்டம் அளக்கக் காலிப்பரும் கொண்டுபோங்கள்.

விட்டம் கிடைத்ததும் படங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தேன். படக் காட்சிகளில் பிடி ஒருபோதும் நேராக நிற்காது. கையில் சாய்ந்திருக்கும், அசையும், முனை கேமராவை நோக்கித் திரும்பியிருக்கும். அதனால் நீளம் குறைந்து தெரியும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அந்தப் படமே சொல்லும், முனையைப் பார்த்தால் போதும். முனை நிஜத்தில் வட்டம். சாய்ந்த படத்தில் நீள்வட்டமாகத் தெரியும். நீள்வட்டத்தின் குறுக்களவை நெட்டளவால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் சைன் வரும். எனக்குப் பிடித்த ஒரு படத்தில் அது 0.34. அதாவது ஏறக்குறைய 20 பாகைச் சாய்வு. 20 பாகைக்கு கொசைன் 0.94. படத்தில் அளந்த நீளத்தை 0.94-ஆல் வகுத்தால் உண்மை நீளம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பார்த்த அந்த சைனும் கொசைனும் இவ்வளவு கைகொடுக்கும் என்று மருமகனுக்குக் காட்டியபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் அவனே கணக்குப் போட்டான்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கேமரா கிட்டே இருந்து எடுத்த படமானால் அருகில் இருக்கும் முனை பெருத்தும் தூரத்து முனை சிறுத்தும் தெரியும். அப்படிப்பட்ட படங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இரண்டு முனைகளிலும் குழாயின் அகலம் ஒன்றாகத் தெரிகிற படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினோம். மிஞ்சியவை கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. என் தாளில் மொத்த நீளம் 270 மி.மீ என்று நின்றது.

அடியில் இருக்கும் கறுப்புப் பட்டைகள் முதல் படத்தில் ஏழு. அடுத்த படத்தில் ஆறு. நாங்கள் செய்வது முதல் படத்துப் பிடி, ஆகவே ஏழு. ஆறு என்றால் காம்பஸ் போதும். ஏழாகப் பிரிப்பதுதான் அழகான வேலை. 360-ஐ ஏழால் வகுத்தால் 51.43 என்று வரும், பாகைமானியில் பிடிக்க முடியாது. ஐ.டி.ஐ.யில் எங்களுக்குச் சொல்லித்தந்த பழைய வழி இருக்கிறது. குழாயின் சுற்றளவு 119.7 மி.மீ. அந்த நீளத்துக்கு ஒரு காகிதக் கீற்று. கீற்றின் ஒரு மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு. அதில் டிவைடரால் ஏதோ ஒரே அளவில் அடுத்தடுத்து ஏழு புள்ளி வைத்து, ஏழாவது புள்ளியைக் கீற்றின் மறுமுனையோடு சேர்த்து, மற்ற புள்ளிகளிலிருந்து அதற்கு இணைகோடுகள். கீற்று சரியாக ஏழு பங்கு. அதைக் குழாயில் சுற்றி ஒட்டினால் பட்டை வர வேண்டிய இடங்கள், 17.1 மி.மீ-க்கு ஒன்றாக, குழாய்மேலேயே விழுந்துவிடும். பட்டைக்கு அலுமினிய ஜன்னல் செய்கிறவர்களிடம் கிடைக்கும் ரப்பர் பீடிங்கை அறுத்துக்கொண்டோம். டி வளையம் கோட்டாற்றில் பை தைக்கிற கடையில். லென்ஸ் வரிசைக்கு, தெளிவான பிளாஸ்டிக் கீற்றின்மேல் எபாக்ஸி பசையைத் துளித்துளியாக விட்டு உறையவைத்தோம். அந்தக் காலத்துக் கால்குலேட்டரில் எண்கள் மிகச் சின்னதாக எரியும், அவற்றைப் பெரிதாக்கிக் காட்டத்தான் அந்த லென்ஸ்கள் இருந்தன.

லேத் பட்டறைக்கு முதல் தாளை எடுத்துப்போனபோதுதான் வேலையின் பாதி மிச்சம் இருப்பது புரிந்தது. அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "வரைபடம் சுத்தமா இருக்கு சாரே. இது உள்ள ஓட்டையா, கட்டியா? உள்ள என்ன வருது?"

நல்ல கேள்வி. சினிமாவுக்காகச் செய்த பொருளுக்கு வெளிப்புறம் மட்டும் போதும். உள்ளே என்ன இருந்தாலும் கேமராவுக்குக் கவலையில்லை. முதல் படத்தில் சண்டைக்காகச் செய்த பிடியின் உள்ளே ஒரு மோட்டார் இருந்தது. அது ஒரு கம்பைச் சுழற்றும். கம்பின் மேல், வந்த ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பூச்சு. நம் நாற்கரச் சாலைப் பலகைகள் ராத்திரியில் வண்டி வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று எழுந்து நிற்குமே, அதே சங்கதிதான். கேமராவின் பக்கத்திலிருந்தே ஒளி பாய்ச்சுவார்கள், கம்பு ஒளிரும். பிறகு ஒவ்வொரு சட்டகமாக அதன்மேல் வரைந்து வண்ணம் ஏற்றினார்கள். நாங்கள் செய்வது இடுப்பில் தொங்கும் பிடி. அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லாது. நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருமகனுக்கு உள்ளே சத்தம் எழுப்பும் போர்டு வைக்க ஆசை. எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. மூன்று கட்டைக்காகப் பிறந்த குழாய். அதில் மூன்று கட்டை போட வேண்டும். எரிய வேண்டும். அவனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாத்தாவுக்குப் பிடிக்கும்" என்றான். அவ்வளவுதான், போர்டு அடுத்த பிடிக்குத் தள்ளிப்போனது.

270-இல் 184.5 பேட்டரிக்குப் போனால் மிச்சம் 85.5. மேல்முனையில் எல்.இ.டி.யும் அதைத் தாங்கும் வட்டும், கீழே ஸ்பிரிங், மூடி. பேட்டரி மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட். வெள்ளை எல்.இ.டி.க்கு 3.2 வோல்ட் போதும், நடுவில் 15 ஓம் ரெசிஸ்டர். மின்சாரம் திரும்பி வர ஸ்டீல் குழாயே வழி, பழைய டார்ச்சில் இருந்த மாதிரியே. 1.5 மி.மீ இளக்கத்தில் பேட்டரி ஆடாமல் இருக்க உள்ளே தடித்த காகிதத்தில் ஓர் உறை. இதையெல்லாம் வெட்டுத் தோற்றத்தில் வரைந்தபோது தாள் முதன்முறையாக நிறைந்தது. வெளித்தோற்றத்தை வரைந்த நாட்களில் நான் படத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். உள்தோற்றம் முழுக்க என்னுடையது.

கீழ் மூடிதான் எங்களை நிறுத்திவைத்தது. டார்ச் மூடி மாதிரி திருகும் மரை வெட்டலாம் என்று வரைந்திருந்தேன். அண்ணாச்சி ஒரே பார்வையில் சொன்னார்: 1.2 மி.மீ சுவரில் மரை நிற்காது. உள்ளே மரை வெட்டிய வளையம் ஒன்றை இறுக்கினால் என்ன என்று மருமகன் கேட்டான். வளையம் இடத்தை அடைத்துவிடும், பேட்டரி நுழையாது. மூவரும் டீ குடித்தோம். அண்ணாச்சி பட்டறையின் உத்தரத்தில் எரிந்துகொண்டிருந்த பல்பைக் காட்டினார். "அந்தா இருக்கே. பல்பு மாட்டுற மாதிரி போட்டா போதும் சாரே. அழுத்தித் திருப்பணும், ஸ்பிரிங் பிடிச்சுக்கிடும்."

குழாயின் விளிம்பில் எல் வடிவத்தில் இரண்டு வெட்டு, மூடியில் இரண்டு ஊசி. தடிமன் பிரச்சினையே இல்லை. வெளியே வெட்டு தெரியுமே என்று கவலைப்பட்டேன். காகிதக் கீற்றை விரித்துப் பார்த்தால் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் 12 மி.மீ இடம் இருந்தது. வெட்டுக்கு 8 போதும். ஏழு பட்டைகள் ஆனதால் ஓர் இடைவெளிக்கு நேர் எதிரே இன்னொரு இடைவெளி வராது, பட்டைதான் வரும். அதனால் ஊசிகளையும் நேரெதிரே வைக்காமல், மூன்று இடைவெளி தள்ளி வைத்தேன். அதில் ஒரு நன்மையும் கிடைத்தது: மூடி ஒரே ஒரு நிலையில்தான் உள்ளே போகும், டி வளையம் எப்போதும் சரியான பக்கத்தில் வந்து நிற்கும்.

தாளின் ஓரத்தில் 100 மி.மீ நீளத்தில் ஓர் அளவுகோடு போட்டிருக்கிறேன். மருமகனின் சிநேகிதர்கள் ஜெராக்ஸ் கேட்டார்கள். ஜெராக்ஸ் மெஷின் சில நேரம் தாளுக்குள் அடக்குவதாக நினைத்து மூன்று நான்கு சதவீதம் சுருக்கிவிடும். நகலில் அந்தக் கோட்டை ஸ்கேலால் அளந்து 100 வந்தால் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் தாளை அளந்து வெட்டக் கூடாது, எழுதியிருக்கும் எண்ணைப் படித்துத்தான் வெட்ட வேண்டும். இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது, ஈரத்தில் தாள் நீளும்.

பிடி இப்போது பளபளப்பாக்க பஃப் போடுவதற்காக ஃபேப்ரிகேஷன் கடையில் இருக்கிறது. அடுத்தது லூக்கின் குருவான பெரியவர் ஓபி-வான் கெனோபியின் பிடி. அது இன்னும் விசேஷம்: முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் துப்பாக்கி எறிகுண்டு ஒன்றின் உடல், ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய், அடியில் குளியலறைக் குழாயின் திருகு பிடி. ஏறக்குறைய முழுக்க லேத்தில் கடைந்தெடுக்கும் உருவம். அண்ணாச்சியிடம் படத்தைக் காட்டியதும் பித்தளையா அலுமினியமா என்று கேட்டார். புதுத் தாளில் மையக்கோடு மட்டும் போட்டிருக்கிறேன். கோட்டாறு கடைகளில் அந்தத் திருகு பிடிக்கு நெருக்கமான ஒன்றைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு மருமகனுக்கு.